வந்தியின் பங்கு

(ஆவணி மூலத் திருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



அங்கயற்கண்ணி உடனுறை ஆலவாய் அண்ணலின் திருவடிகளை வணங்கி, இந்த ஆவணி மூலத் திருநாளில் உங்கள் முன்னிலையில் சில சொற்கள் பேச நிற்கின்றேன். எம்பெருமான் பிட்டுக்கு மண் சுமந்த நாள் இது. அத்திருவிளையாடலை விளக்கிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அடியேனும் அதனையே பேசப் போகின்றேன். ஆயினும் வெள்ளம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே வறட்சியைப் பற்றிப் பேசப் போகின்றேன். இது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே கரையின் இரண்டு பக்கங்கள் என்பது பேச்சின் முடிவில் விளங்கும் என நம்புகின்றேன்.

கரையில் ஒரு பங்கு

பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் மண் சுமந்தது அறுபத்தொன்றாவது. வாதவூரடிகளை அரிமர்த்தன பாண்டியன் சிறைப்படுத்தி வருத்தினான். அவர்பொருட்டு வைகையில் பெருவெள்ளம் வந்தது. கரை உடைந்து நகருள் நீர் புகுந்தது. கரையை அடைக்க வேண்டும். மன்னன் என்ன செய்தான்? கரையை அளந்து, குடிகள் அனைவருக்கும் பங்கிட்டான். இன்ன இடம் தொடங்கி இன்ன இடம் வரை இன்னார் அடைக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. செல்வர்க்கும் பங்கு உண்டு. வறியவர்க்கும் பங்கு உண்டு. பிட்டு விற்று வயிறு கழுவிய வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு விழுந்தது.

அவளுக்குக் கணவன் இல்லை, மகன் இல்லை, கூலிக்கு ஆள் அமர்த்தப் பொருள் இல்லை. அவள் ஆலவாய் அண்ணலை நினைந்து உருகினாள். பெருமான் பழந்துணியும் கூடையும் மண்வெட்டியுமாக வந்து, கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டு நின்றான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டான். அன்று அவள் அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று. பெருமான் உண்டான், ஆடினான், பாடினான், மரநிழலில் உறங்கினான். மாலையில் கரையைப் பார்வையிட்டபோது ஊரார் பங்கெல்லாம் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. மன்னன் பிரம்பை ஓங்கி அடித்தான். அந்த அடி மன்னன் முதுகிலும் விழுந்தது. அரசியர் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது. பெருமான் ஒரு கூடை மண்ணைக் கொட்டினான், கரை உயர்ந்தது, அவன் மறைந்தான்.

நாம் பிறந்தது முதல் கேட்டுவரும் கதை இது. இறைவன் அடியார்க்கு எளியவன் என்பதற்கு இதனைக் காட்டுவர் பெரியோர். அது முற்றிலும் உண்மை. அதனோடு மற்றொன்றையும் இக்கதை நமக்குச் சொல்கிறது. ஊரார் எல்லாரும் தத்தம் பங்கை அடைத்துவிட்டனர். ஒரு பங்கு மட்டுமே எஞ்சியது. அந்த ஒரு பங்கு போதும், கரை முழுவதும் வீணாவதற்கு. ஆற்றுநீர் எவருடைய பங்கு அடைபட்டது என்று பார்த்து நிற்பதில்லை. எது அடைபடவில்லையோ அதன் வழியே வெளியேறிவிடும். அடைபடாத பங்கின் வழியே வெளியேறிய நீர்தான் கோடையில் நமக்கு இல்லாத நீர். இந்த ஒரு செய்தியைச் சொல்லவே இன்று வந்தேன்.

கடலை வெறுத்த ஆறு

வருசநாட்டு மலையில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நடந்துவரும் வைகை, பெரும்பாலான ஆண்டுகளில் கடலை அடைவதில்லை. இதற்கு ஒரு பழம்புலவர் அழகிய காரணம் கற்பித்தார் என்பது செவிவழி வழக்கு. பாற்கடல் பெருமானுக்கு நஞ்சைக் கொடுத்ததன்றோ? அந்தக் கடலின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாம். சிவபத்தி மிக்க ஆறு நம் ஆறு!

புலவர் கூறிய காரணம் அது. உழவர் கூறும் காரணமும் ஒன்று உண்டு. வைகையின் இருமருங்கிலும் நம் முன்னோர் கண்மாய்களை வெட்டி வைத்தனர். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே வழிந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிக் கோவைபோல் தொடுத்த கண்மாய்களை நிறைத்து நிறைத்து, இறுதியில் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் போய் வைகை ஓய்ந்துவிடும். கடலுக்குப் போக நீர் மிஞ்சினால் அது பெருவெள்ள ஆண்டு. ஊர்கள் குடித்து முடித்த ஆறு வைகை.

தமிழகம் முழுவதும் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் ஏறத்தாழ 39,000 உண்டு. ஏன் இத்தனை வெட்டினார்கள்? நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த மழை பெய்கிறது. ஏறத்தாழ அதில் பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவமழை. அதுவும் மாதமெல்லாம் தூறிக்கொண்டிராது; சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். சில நாட்களில் வந்த விருந்தை ஆண்டெல்லாம் வைத்து உண்ண வேண்டுமானால் பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரமே கண்மாய். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். குடபுலவியனார் என்னும் சங்கப் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நீர்நிலைகளைப் பெருக்குக என்று அறிவுரை கூறினார். மழையை அருள்வது இறைவன் செயல். அதை ஏந்திக்கொள்வது நம் செயல்.

வறட்சியில் நீர் எங்கே போகிறது?

மழை பொய்த்த ஆண்டில், "தண்ணீர் எங்கே போயிற்று?" என்று அங்கலாய்க்கிறோம். தண்ணீர் ஒருநாளும் காணாமற் போவதில்லை, அன்பர்களே. அது போன வழிகளைக் கணக்கெடுத்துப் பார்ப்போமாக.

முதல் வழி வெயில். கோடையில் ஒரு நீர்நிலையின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் அளவு நீர் ஆவியாகிறது. அரை சென்டிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். ஓர் ஏக்கர் பரப்பில் அது 20,000 லிட்டர். நூறு ஏக்கர்க் கண்மாயில் நாள்தோறும் 20 இலட்சம் லிட்டரைக் கதிரவன் குடித்துவிடுகிறான். 2017ஆம் ஆண்டு வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பி இதனைத் தடுக்க முயன்றனர். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது, நாடே நகைத்தது. நகைத்தவர்களுள் நானும் ஒருவன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. வெயிலைத் தடுக்க அட்டை உதவாது, ஆழம் உதவும். வண்டல் படிந்து மேடிட்ட கண்மாயில் நீர் அகலமாய், ஆழமின்றிப் பரந்து கிடக்கும்; தாம்பாளத்தில் ஊற்றிய நீர்போல் விரைவில் உலரும். தூர்வாரிய கண்மாயில் அதே நீர் செம்பில் வைத்த நீர்போல் நிற்கும். வெயிலின் பங்கும் நாம் அடைக்காத பங்கினால்தான் பெருகுகிறது.

இரண்டாம் வழி பயிர். நம் நாட்டில் மனிதர் பயன்படுத்தும் நீரில் மிகப் பெரும்பங்கு வயலுக்கே போகிறது. ஒரு கிலோ அரிசி விளைய 2,500 லிட்டருக்குமேல் நீர் வேண்டும். இது குற்றம் அன்று. நாம் உண்ணும் சோறு அது. ஆயினும் தட்டில் மிச்சம் வைக்கும் ஒவ்வொரு கைப்பிடிச் சோற்றிலும் பல குடம் வைகை இருக்கிறது என்பதை அன்னதானப் பந்தியில் அமரும்போதேனும் நினைக்க வேண்டும். வறண்ட நிலத்தில் நெல்லும் கரும்பும் வைப்பதா, கேழ்வரகும் குதிரைவாலியும் வைப்பதா என்பதையும் உழவர்கள் கூடிச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாம் வழி கடல். இது வறட்சிக் காலத்தில் போன நீர் அன்று. அதற்கு முந்திய வெள்ளக் காலத்தில் போன நீர். வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தமையால் கண்மாய்க்குள் வராமல் ஊருக்குள் புகுந்து, தெருக்களை நாசம் செய்து, கழிவோடு கலந்து ஓடிப்போன நீர். வறட்சி சித்திரையில் தொடங்குகிறது என்று நினைக்கின்றோம். அது முந்திய ஐப்பசியிலேயே தொடங்கிவிடுகிறது.

நான்காம் வழி மணல். ஆற்று மணலை நாம் கட்டடத்திற்கு உதவும் பொருளாக மட்டுமே காண்கின்றோம். மணலின் இடுக்குகளில், அதன் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் தங்கும். மேலே வறண்டு தோன்றும் ஆற்றில் ஊற்றுத் தோண்டி, சுரந்த நீரை அகப்பையால் முகந்து குடம் நிரப்பிய தாய்மார் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். மணலை அள்ளிவிட்டால் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தையே விற்றதாகும். பின்னர் விளைச்சல் வந்தாலும் வைக்க இடமிராது.

ஐந்தாம் வழி ஒன்று உண்டு. அதைத் தனியே பேச வேண்டும்.

குண்டோதரன் பசி

வைகை எப்படித் தோன்றிற்று? அதுவும் திருவிளையாடலே. தடாதகைப் பிராட்டியாரின் திருமணத்தில் சமைத்த சோற்று மலைகளையெல்லாம் குண்டோதரன் என்னும் பூதம் ஒருவனே உண்டு தீர்த்தான். அவன் பசி தீர அன்னக்குழியை வருவித்தருளிய பெருமான், அவன் தாகம் தீர வைகையை வரவழைத்தருளினான். ஆக, அடங்காத ஒரு தாகத்தைத் தீர்க்க வந்த ஆறு நம் ஆறு.

இன்று ஊர்தோறும் குண்டோதரர்கள் பெருகிவிட்டனர். ஆழ்துளைக் கிணறு என்று அவர்களுக்குப் பெயர். நம் பகுதியின் நிலம் பெரும்பாலும் பாறைநிலம். மேலே சில பத்தடி ஆழத்திற்கு உளுத்த பாறையும் மண்ணும் இருக்கும். நம் பாட்டனார் வெட்டிய கிணறுகள் அந்த அளவோடு நின்றன. மழை பெய்தால் ஊறும், கோடையில் குறையும், குறைவதைக் கண்ணால் காணலாம், கண்டவர் அடங்கி இறைப்பர். அதற்குக் கீழே கடும்பாறை. அதன் வெடிப்புகளில் மட்டும், பல்லாண்டு காலமாகச் சிறுகச் சிறுகக் கசிந்த நீர் தங்கியிருக்கும். இத்தகைய நிலத்தில் பெய்யும் மழையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கீழே இறங்கினாலே பெரிது. அந்தச் சேமிப்பை ஐந்நூறு அடி, எண்ணூறு அடி துளையிட்டு, மின்பொறி வைத்து உறிஞ்சுகிறோம். அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றது. அன்றைக்கு வயிறு நிறையும். அடுத்த விதைப்புக்கு ஒன்றும் இராது. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தமிழகத்துக் குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஆண்டுதோறும் ஊறும் நீரைவிட எடுக்கும் நீர் மிகுதி.

வறட்சியில் நீர் போகும் ஐந்தாம் வழி இதுதான்: ஆழமாகத் துளையிட இயன்றவரை நோக்கிப் போகிறது. மழை எல்லார்க்கும் குறைவாகப் பெய்கிறது. தட்டுப்பாடோ எல்லார்க்கும் ஒன்றுபோல் வருவதில்லை. குழாயடியில் நெகிழிக் குடத்தோடு விடியற்காலை நான்கு மணிக்கு நிற்பவள் யார்? லாரி வரும் நாளில் கூலி வேலைக்குப் போக இயலாமல் காத்துக் கிடப்பவள் யார்? அன்பர்களே, அவள்தான் வந்தி.

அடியேன் குற்றம்

இங்கே அடியேன் குற்றம் ஒன்றை இறைவன் திருமுன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறர்க்கு உபதேசிக்கும் முன் அதைச் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு கோடையில் என் வீட்டுக் கிணறு வற்றியது. கையில் சிறிது பணம் இருந்தது. நானூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கினேன். நீர் பீறிட்டது. சந்தனம் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைத்து, பெருமான் அருள் என்று கைகூப்பினேன். தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் இருந்தார். இட்லி அவித்து விற்று வாழ்பவர். அவர் வீட்டுக் கிணற்றில் இராட்டினம் இட்டுக் கயிற்றால் இறைப்பார். என் பொறி ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரம் அவர் வாளி தரையைத் தட்டிற்று. அவர் என்னிடம் குறை கூறவில்லை. நெடுந்தெரு கடந்து பொதுக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வந்தார்.

ஒரு நாள் மாலை, இதே திருவிளையாடலைப் பேசுவதற்காக ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "கூலிக்கு ஆள் வேண்டுமோ?" என்று பெருமான் கேட்கும் இடம் வந்தது. பலகணி வழியே பார்த்தேன். அம்மூதாட்டி குடத்தைத் திண்ணையில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிரம்படி என் முதுகில் விழுந்தது. அருள் என்று நான் கொண்டாடிய நீரில் பாதி அவர் கிணற்று நீர் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்று மாலையே அவர் வீட்டுக்கு ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தேன். அது பரிகாரம் ஆகாது. அவருடைய பொருளை அவருக்கே பிச்சையாக இட்டதுதான். அடுத்த மழைக்கு முன் என் வீட்டு மாடி நீரையும் அவர் வீட்டுக் கூரை நீரையும் சல்லி மணல் இட்ட தொட்டி வழியே வடிகட்டி, அவருடைய பழங்கிணற்றிலேயே இறக்கினோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குமேல் கிடைக்கும். ஆண்டு மழை முழுவதையும் சேர்த்தால் 80,000 லிட்டர். இரண்டு ஐப்பசிகள் கழிந்தபின் ஒரு காலை அவர் கிணற்றில் இராட்டினம் கிறீச்சிடும் ஓசை கேட்டது. எத்தனையோ கோயில்களில் மங்கல வாத்தியம் கேட்டிருக்கின்றேன். அந்த ஓசைக்கு நிகராக ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

பங்கு முறை

என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே செய்ததை ஊர் முழுவதற்கும் செய்த காலம் ஒன்று இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதற் பராந்தகசோழன் காலத்தது. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையுடையது. குடவோலையிட்டு ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்தனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவர் உறவினரும் தகுதியற்றவர். நீரைக் காப்பவனுக்கு எத்துணைத் தூய்மை வேண்டும் என்று அன்றே வகுத்துவிட்டனர்!

ஊர்கள்தோறும் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஒரு நாள் குறித்து, வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குச் செல்வர், வரத்துக்கால்வாயை வெட்டுவர், மடையைச் சீர்செய்வர், வெட்டிய வண்டலைக் கரையிலும் வயலிலும் இடுவர். வந்தியின் கதையில் பாண்டியன் கரையைப் பங்கிட்டது இம்முறையின் நிழலே. அம்முறை குறையற்றது என்று சொல்ல வரவில்லை. கூடை சுமந்தவர் ஒரு சாராரும், நீரை முதலில் பெற்றவர் வேறொரு சாராருமாக இருந்த ஊர்கள் பல. எம்பெருமான் மேற்பார்வையாளனாக வராமல் கூடை சுமப்பவனாக வந்தது ஏன் என்பதை அத்தகைய ஊரார் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வரியும் நிலவுரிமையும் மாறின. கண்மாய் அரசுடையது ஆயிற்று. ஊராரின் பிடி தளர்ந்தது. மராமத்து வேலைக்கு ஆள் வராமையால், 1858ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றினர். அன்பினால் நடந்தது ஆணையினால் நடக்கவில்லை. பின்னர்க் குழாய் வந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது. கண்மாய் எதற்கு என்ற எண்ணம் வந்தது. கேட்பாரற்ற கண்மாயில் சீமைக் கருவேல் முளைத்தது. கரையோரம் வீடு முளைத்தது. நடுவில் சாலை வந்தது. 2017ஆம் ஆண்டு தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரையே சூட்டி நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் மீண்டது நன்று. குடிகளும் மீண்டால்தான் மராமத்து முழுமை பெறும்.

தலைநகர் கற்ற பாடம்

கரையின் பங்கை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தலைநகரே சான்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பேரேரியை வடித்து, மாம்பலத்தில் தியாகராய நகரை எழுப்பினர். ஏரி போய்விட்டது, ஏரியின் பெயர் தாங்கிய தெரு மட்டும் இன்றும் இருக்கிறது. அதன் பின்னர் இதுபோல் எத்தனையோ நீர்நிலைகள் மனைகளாயின. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று சென்னை வெள்ளத்தில் மிதந்தது. தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு நீர் வீடுகளுக்குள் வந்தது. படகில் ஏறி உயிர் தப்பினர் மக்கள்.

அதன் பின்னர் நான்காண்டுகூட நிறையவில்லை. 2018ஆம் ஆண்டு பருவமழை பெரிதும் குறைந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்தன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரை இரயில் வண்டி சுமந்து வந்தது. மாலை சூட்டி வரவேற்றனர். நகரின் நாள் தேவையோ 80 கோடி லிட்டருக்கு மேல். ஒரு நடையில் வந்தது, ஒரு நாள் தேவையில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது! நம் மதுரையைவிட மழைச் செல்வம் மிக்க ஊர் இரயில் வண்டியை எதிர்நோக்கி நின்றதென்றால், குறையை வானத்தின் மேல் மட்டும் சுமத்தலாமா? வறட்சி வானத்திலிருந்து வரும். தட்டுப்பாடு கரையிலிருந்து வரும்.

நம் ஊரில் ஒரு நற்செய்தியும் உண்டு. திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர்த் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு, சிறுவர் பந்து விளையாடும் திடலாய்க் கிடந்ததைக் கண்டோம். தைப்பூசத் தெப்பத் திருநாளில் நீரின்றி நிலைத்தெப்பமாக விழா நடந்ததையும் கண்டு மனம் வருந்தினோம். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே நீர் வரும் பாதையைச் சீர்செய்தனர். அண்மை ஆண்டுகளில் குளம் நிறைந்து தெப்பம் மிதப்பதைக் கண்குளிரக் கண்டோம். சுற்றுப்புறக் கிணறுகளும் குளிர்ந்தன. ஆறு அதே ஆறு; குளமும் அதே குளம். இடையில் அடைபட்டிருந்த ஒரு கால்வாய் திறந்தது.

யார் சுமப்பது?

அன்பர்களே! பெருமான் மீண்டும் ஒருமுறை வந்து மண் சுமப்பான் என்று காத்திருப்பது பத்தியாகுமா? வந்திக்காக அவன் வந்தான். அவளுக்கு வேறு துணை இல்லை. நமக்கோ கையும் காலும் உண்டு, பொருளும் உண்டு. நாம் நம் பங்கை அடைக்காமல் அவனை அழைத்தால், அந்தப் பிரம்படியை மீண்டும் அவன் முதுகில் வாங்கித் தருகின்றோம் என்பதன்றி வேறென்ன?

இத்திருவிழா முடிந்து வீடு திரும்பியதும் மூன்று செயல்கள் செய்வோமாக. ஒன்று: 2003ஆம் ஆண்டு, கட்டடங்கள்தோறும் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே, அப்போது கட்டிய தொட்டியைத் திறந்து பாருங்கள். குப்பையும் மண்ணும் அடைத்துக் கிடந்தால் ஐப்பசிக்கு முன் தூய்மை செய்யுங்கள். அரை நாள் வேலை அது. இரண்டு: உங்கள் ஊர்க் கண்மாய்க்கோ கோயில் குளத்திற்கோ நீர் எந்த வழியாக வருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். வழியில் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அறிந்து, ஊராருடன் கூடி முறையிடுங்கள். இயன்றால் நீங்களே ஒரு கூடை மண் எடுங்கள். மூன்று: உங்கள் தெருவில் வந்தி எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கண்டுகொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு இறக்குமுன் அவள் கிணற்றை எட்டிப் பாருங்கள். அவள் பங்கைச் சுமப்பவனே இன்று ஆலவாய் அண்ணலின் அடியவன்.

ஆவணி இது. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. வானம் தன் பங்கைச் செலுத்த வரும்போது நம் கரை ஆயத்தமாக இருக்கட்டும். மண் சுமந்த மேனியன் நமக்கு அந்த மனத்தையும் வலிமையையும் அருள்வானாக.

மேன்மைகொள் அன்பினால் எல்லா உயிரும் நீர்வளம் பெற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்.